ஒரு காயத்துக்கு மூன்று எசமானர்

மழைக்காலத்து இரவொன்றிலே லயத்துப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்த மூதாட்டி ஒருவரின் காரியமாக நாம் பல மாதங்கள் அலைந்தோம். பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றிலே கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர் அவர், வயது எழுபத்தெட்டு. விழுந்தது வெள்ளிக்கிழமை இரவு. மலசலகூடம் லயத்தை விட்டுத் தள்ளியிருந்தது, வழியிலே விளக்கில்லை. விடியும்வரை படியடியிலேயே கிடந்தார். சனியும் ஞாயிறும் நாட்டு வைத்தியர் போட்ட கட்டோடு கழிந்தன. திங்களன்று தோட்டத்து லொறி கிடைத்தது. முதலில் சிறிய வைத்தியசாலை, பின்னர் பெரிய வைத்தியசாலை, எக்ஸ்ரே, இரத்தத்திலே சீனி கூடியிருக்கிறது என்ற செய்தி, செயற்கை மூட்டுக்குப் பணம் தேடிய நாட்கள். இவையெல்லாம் கழிந்து, விழுந்த பத்தாம் நாளிலேதான் கத்தி வைத்தார்கள்.

சத்திரசிகிச்சை நன்றாகவே நடந்தது. அதிலே எமக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஒரு வாரத்தில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் வாரம் காயத்திலிருந்து ஈரம் கசிந்தது. மகள் அதைப் பெரிதாக எண்ணவில்லை. பச்சிலை வைத்துக் கட்டினார். தோட்டத்து மருந்தகத்திலே ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஆறாம் வாரம் சீழ் வடிந்தது. மீண்டும் வைத்தியசாலை. வைத்த மூட்டைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். இப்பொழுது அவர் இஸ்தோப்பிலே ஒரு பலகைக் கட்டிலில் கிடக்கிறார், இனி நடக்கமாட்டார்.

சட்டம் படித்தவர்கள் இப்படிப்பட்ட வேளையில் செய்யும் காரியத்தையே நாமும் செய்தோம்: பொறுப்பாளி யார் என்று தேடினோம். தோட்டத்து அலுவலகம், அம்மையார் பெயர் இப்போது பதிவேட்டில் இல்லையே என்றது. வைத்தியசாலை, நோயாளி நலமாகவே வெளியேறினார், அதற்கான அட்டை இருக்கிறது என்றது. மாகாணத்து அதிகாரி ஒருவர் மிக்க மரியாதையோடு எம்மை உட்காரவைத்துத் தேநீர் தந்து, காயத்துக்கு மருந்து கட்டுவது தமது பிரிவின் அலுவல் அன்று என்றார். மூவரும் பொய் சொல்லவில்லை. அதுவே இவ்விஷயத்தின் கொடுமை.

இது வைத்தியர்கள் பேசவேண்டிய விஷயம், அரசியற் பத்திரிகையிலே இதற்கென்ன இடம் என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். கேட்பவர்கள் சற்றே பொறுத்திருந்து வைத்திய நூலார் சொல்வதையும் நம்மோடு சேர்ந்து கேட்பார்களாக.

உடலுக்குள் வைக்கப்பட்ட உலோகத்துக்கு உயிரில்லை, இரத்தவோட்டமும் இல்லை. அதன் மேல் கிருமி ஒட்டிக்கொண்டால் தன்னைச் சுற்றி ஒரு வழுவழுப்பான போர்வையைக் கட்டிக்கொள்கிறது. பிறகு அந்தப் போர்வைக்குள்ளே மருந்தும் எளிதிற் புகாது. உடலின் காவற் படையும் எளிதிற் புகாது. சாதாரணப் புண்ணை ஆற்றும் மாத்திரை இங்கே தோற்றுப்போவது இதனாலேதான். மேலே தோல் ஆறியதுபோலத் தோன்றும். உள்ளே நோய் வளரும். ஆகவே வந்தபின் துரத்துவதைக் காட்டிலும் வராமற் காப்பதே இதிலே முழு வைத்தியமும் என்பர்.

இங்கிலாந்திலே லங்காஷயர் மாவட்டத்து ரைற்றிங்டன் வைத்தியசாலையில் இன்றைய இடுப்பு மூட்டு மாற்றத்துக்கு 1960களில் வழிவகுத்தவர் ஜோன் சார்ன்லி. தொடக்க காலத்திலே அவருடைய நோயாளரிற் பலருக்குக் காயம் சீழ்ப்பிடித்தது. சத்திரசிகிச்சை அறையின் காற்றிலேதான் கிருமி மிதந்து வருகிறது என்று அவர் கருதி, வடிகட்டிய காற்று வீசும் கூடாரத்துக்குள்ளே நின்று வேலைசெய்தார். பிறர் நகைத்தார்கள். 1982இல் லிட்வெல் என்பாரும் அவர் குழுவினரும் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட மூட்டு மாற்றங்களை ஆராய்ந்து, தூய காற்று தொற்றைப் பாதியாகக் குறைக்கிறது என்று காட்டினார்கள், நகைப்பு அடங்கியது. மூட்டைப் பொருத்தும் சீமெந்திலேயே நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கலக்கும் வழக்கமும் 1970 அளவில் ஜெர்மனியிலே தொடங்கிப் பரவியது.

அந்தச் சீமெந்தைப் பற்றித்தான் நாம் சொல்ல வந்தது. எலும்பு முறிந்து அரை மூட்டு வைக்கப்படும் முதியோருக்கு, ஒரு மருந்து கலந்த வழக்கமான சீமெந்து போதுமா, இரண்டு மருந்துகளை அதிக அளவிற் கலந்த விலைகூடிய சீமெந்து வேண்டுமா என்ற கேள்வி நெடுநாளாக இருந்தது. பிரித்தானியாவின் 26 வைத்தியசாலைகளிலே, அறுபது வயதும் அதற்கு மேலுமான 4,936 பேரைக் கொண்டு 2018 முதல் 2021 வரை இதனைச் சோதித்தார்கள். முடிவு 2023இல் லான்செற் சஞ்சிகையில் வெளிவந்தது. தொண்ணூறு நாளுக்குள் ஆழமான தொற்றுக் கண்டவர்கள், வழக்கமான சீமெந்து பெற்றோரில் நூற்றுக்கு 1.7, விலைகூடிய சீமெந்து பெற்றோரில் நூற்றுக்கு 1.2. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே. விலைகூடியது மேலானது என்று இதைக்கொண்டு நிறுவமுடியாது என்று ஆராய்ந்தோரே எழுதினார்கள்.

வைத்தியர்கள் இதிலிருந்து எந்தச் சீமெந்தை வாங்குவது என்று அறிந்துகொள்வார்கள். வழக்கறிஞராகிய நாம் வேறொன்றை அறிந்துகொள்கிறோம். வழக்கமான பொருளைக்கொண்டே, இலட்சாதிபதிகளுக்கு என்று ஒதுக்கப்படாத பொது வைத்தியசாலைகளிலே, எழுபதும் எண்பதும் கடந்த நோயாளருக்கு நூற்றிலே இரண்டுக்கும் குறைவாகத் தொற்றை நிறுத்திவைக்க முடிந்திருக்கிறது. அப்படியானால் “எங்களிடம் பணமில்லை” என்ற பிரதிவாதம் பாதி விழுந்துவிட்டது.

மீதிப் பாதி விழவில்லை என்பதையும் நேர்மையோடு ஒப்புக்கொள்வோம். 2022இல் நாடு வங்குரோத்தான வேளையிலே, பேராதனைப் போதனா வைத்தியசாலையே மருந்தில்லாமையால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து வாங்கப்பட்ட விவகாரத்திலே முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவர் 2024 பெப்ரவரியிற் கைதானார். நீதிமன்றத்துக்குரிய விஷயத்திலே நாம் மேலே பேசோம். நல்ல மருந்தைக் குறைந்த விலைக்கு வாங்கி ஏழைக்குச் சேர்க்கும் வழியை உலகுக்குக் காட்டிய பேராசிரியர் சேனக பிபிலே இந்த ஊவா மண்ணின் மைந்தர் என்பதையும், 1971இலே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்துக்கு முதற்றலைவராக இருந்தவர் அவரே என்பதையும் மாத்திரம் நினைவூட்டுவோம்.

காரியத்துக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2016இல் சத்திரசிகிச்சைக் காயங்களைக் காப்பதற்கான விதிகளை வெளியிட்டது. அவற்றைப் படித்துப் பார்த்தால் ஏழை நாட்டைப் பயமுறுத்துவன சிலவே. நோயாளியைச் சவர்க்காரம் இட்டுக் குளிப்பாட்டுங்கள். சவரக்கத்தியால் மயிரை வழிக்காதீர்கள். அகற்றவே வேண்டுமாயிற் கத்தரித்து அகற்றுங்கள். நுண்ணுயிர்க்கொல்லி ஊசியை, கீறுவதற்கு முந்திய இரண்டு மணி நேரத்துக்குள்ளே போடுங்கள்; கத்தி வேலை முடிந்த பிறகு காவலுக்கென்று நாட்கணக்கில் நீடிக்காதீர்கள். மதுசாரமும் குளோர்ஹெக்சிடினும் கலந்த மருந்தால் தோலைத் துடையுங்கள். சீனியைக் கட்டுக்குள் வையுங்கள். கைகளைக் கழுவுங்கள். பெரும்பாலும் இவ்வளவே. இவற்றிற் பலவும் பணத்தாலன்றி ஒழுங்கினாலே நடப்பன. பதுளைப் போதனா வைத்தியசாலையிலே இராப்பகலாக நிற்கும் வைத்தியரும் தாதியரும் இவற்றை நம்மிலும் நன்கறிவார்கள்; அவர்களுக்கு அறிவு புகட்ட நாம் எழுதவில்லை.

சத்திரசிகிச்சை அறையின் கதவுக்கு வெளியே, இப்பாலும் அப்பாலும் நடப்பதைப் பற்றியே எழுதுகிறோம்.

இடுப்பு முறிந்தவரை அனுமதித்த அன்றோ மறுநாளோ சத்திரசிகிச்சைக்கு எடுக்கவேண்டும் என்பது பிரித்தானியாவின் விதி. மணிக்கணக்கில் விரைந்தால் அதிசயம் நடக்கும் என்று நாம் சொல்லவில்லை. பதினேழு நாடுகளிலே நடத்தி 2020இல் வெளியான ஆய்வொன்று, ஆறு மணி நேரத்துக்குள் அவசரமாகச் செய்வதால் மரணம் குறையவில்லை என்றே கண்டது. ஆயினும் அப்படிச் செய்யப்பட்டவர்களுக்குச் சித்தப்பிரமையும் சிறுநீர்த் தொற்றும் குறைந்தன. முந்தி எழுந்து நடந்தார்கள். அங்கே எழுந்த கேள்வி ஆறு மணியா, ஒரு நாளா என்பது. நமது மலைகளிலே எழும் கேள்வி நான்கு நாளா, பத்து நாளா என்பது! அசையாமற் கிடக்கும் ஒவ்வொரு நாளும் முதுகிலே படுக்கைப் புண், நெஞ்சிலே சளி, சிறுநீர்க் குழாயிலே கிருமி. கத்தி வைக்கும் வேளையிலே உடல் ஏற்கெனவே பாதி தோற்றிருக்கிறது. நாற்பது ஆண்டு மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று, ரொட்டியும் சம்பலும் தின்று, இரத்தச்சோகையோடு ஓய்வுபெற்ற உடல் அது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவசமாக அம்புலன்ஸ் வரும். 2016இல் இந்திய உதவியோடு தொடங்கிய சுவசெரிய சேவை மெய்யாகவே நல்ல சேவை. அதை நாம் பாராட்டுகிறோம். ஆனால் அம்புலன்ஸ் தார் வீதியிலே ஓடுவது. பூனாகலையிலும் மடுல்சீமையிலும் நமுனுகுலையிலும் மேற்பிரிவு லயங்களுக்குச் செல்லும் தோட்டத்துப் பாதைகளைக் கண்டவர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை. கம்பளியிலே கிடத்தி நாலுபேர் தூக்கிவரும்போது முறிந்த எலும்பு ஒவ்வொரு அடிக்கும் உள்ளே குத்துகிறது.

அப்பால் நடப்பது இதனினும் மோசம். துண்டு வெட்டியபின் நோயாளி திரும்பும் இடம் எது? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவிலே மூன்று தலைமுறை. அடுப்புப் புகை. தண்ணீர் பீலியிலிருந்து சுமந்து வரவேண்டும். காயத்தைத் தொடுமுன் கை கழுவ வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அது எந்த மொழியிலே சொல்லப்பட்டது?

அம்மையாரின் நோய் நிர்ணய அட்டையை நாம் கண்டோம். முழுவதும் ஆங்கிலம். வைத்தியருக்கு வைத்தியர் எழுதும் கடிதம் ஆங்கிலத்தில் இருப்பதிலே எமக்குக் குறையில்லை. ஆனால் “காயத்தில் ஈரம் கசிந்தாலும், சிவந்தாலும், காய்ச்சல் வந்தாலும், குறைந்த வலி திரும்பினாலும் அன்றே இங்கு வாருங்கள், வெளியிலே மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள்” என்று தமிழிலே மூன்று வரி எழுதிய ஒரு காகிதத் துண்டு அந்த மகளின் கையிலே இருந்திருக்குமானால்! மூன்றாம் வாரத்திலே வந்திருப்பார்கள். அப்பொழுது காயத்தைத் திறந்து கழுவி மூட்டைக் காப்பாற்ற இடமிருந்திருக்கக்கூடும். ஆறாம் வாரத்திலே வந்தார்கள். அந்த மூன்று வாரத்துக்கும் மூன்று வரிக்கும் உள்ள தொடர்பை எந்த அமைச்சரும் நமக்கு மறுத்துக்காட்டட்டும்.

அக்காகிதம் கருணை அன்று, உரிமை. அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்து 22ஆம் உறுப்புரை, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் தமிழர் அரச உத்தியோகத்தரோடு தமிழிலே தொடர்புகொள்ளவும் அவரிடமிருந்து தமிழிலே செய்தி பெறவும் உரித்துடையவர் என்கிறது. 1999இல் பதுளை மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் சில இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. மொழியுரிமை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றம் போகலாம்; ஆனால் ஒரு மாதத்துக்குள் போகவேண்டும். இதை எழுதும்போது எமக்கே கசப்பான நகை வருகிறது. துண்டு வெட்டிய நாளிலிருந்து ஒரு மாதம்! அம்மையாரின் காயம் ஆறாம் வாரத்திலேதான் சீழ் வடித்தது. கிருமிக்குச் சட்டம் தெரிந்திருந்தது போலும்.

இனி எசமானர் மூவரிடம் வருவோம். 1912ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் துரைமாருக்குச் சில கடமைகளை விதித்தது: லயங்களைச் சுகாதாரமாக வைத்திருக்க வேண்டும், நோயுற்றோர் யாரென அறிந்து உதவவேண்டும், வைத்திய அதிகாரி பணித்தால் வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டும். வெள்ளைக்காரன் இதை அன்பினாலே செய்தான் என்று எவரும் மயங்கவேண்டா. வேலைக்குக் கை வேண்டுமே என்று செய்தான். ஆதலின் அக்கடமை தொழிலாளிக்கே உரியது. பெரட்டுக்கு வராத கிழவிக்கு அந்தச் சட்டத்திலே இடம் தேடுவது வீண். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தாலே தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. துரைமார் மாறினார்கள், அந்த எண்ணம் மாறவில்லை. மருந்தகம் இன்றும் பெருமளவு தோட்டத்தின் கையிலே. சில தோட்ட வைத்தியசாலைகளை 1990களிலிருந்து அரசாங்கம் பொறுப்பேற்றது. வேலை நடுவழியிலே நின்றுவிட்டது.

13ஆம் திருத்தம் 1987இலே சுகாதாரத்தைப் பங்குபோட்டது. போதனா வைத்தியசாலை கொழும்பு அமைச்சின் கீழ். சிறிய வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ். மாகாணத்தைக் கேட்கலாமென்றால், ஊவா மாகாண சபையின் பதவிக்காலம் 2019இல் முடிந்தபின் ஆண்டுக்கணக்காக மக்கள் பிரதிநிதி ஒருவரும் இல்லாமல் ஆளுநரே ஆண்டார். ஆக, கத்தி வைப்பவர் கொழும்பின் ஆள், வழியிலுள்ள வைத்தியசாலை மாகாணத்தின் சொத்து, காயத்துக்கு மருந்து கட்டவேண்டிய மருந்தகம் கம்பனியின் தயவு. ஒரே காயம், மூன்று எசமானர். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போகும் வழியிலே நோயாளி விழுந்துவிடுகிறார். அதை எவருடைய பேரேடும் பதியாது.

எழுபத்தெட்டு வயதான அம்மையாரின் வரலாறு முழுவதுமே இப்படித்தான் என்பதை நினைக்கையிலே நெஞ்சு கொதிக்கிறது. அவர் தொட்டிலிலே கிடந்தபோது 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1964இல் இரு பிரதம மந்திரிகள் அவரையும் அவர் உறவினரையும் தலைக்கணக்கிட்டுப் பங்குபோட்டார்கள். எஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே முடிவாகக் கதவைத் திறந்தது. அரசு தனக்குக் கடமைப்பட்டது என்று சொல்லும் உரிமை கைக்கு வந்தபோது அவர் பெயர் தோட்டப் பதிவேட்டை விட்டு நீங்கும் வயதாகிவிட்டது.

அரசாங்கத்தையும் கம்பனியையும் இவ்வளவு சொன்ன நாம் எம்மையும் சொல்லாதுவிட்டால் அது நீதியாகாது. மலையகத்துத் தொழிற்சங்கங்கள் எத்தனையோ முறை கம்பனிகளோடு மேசையிலே அமர்ந்தன. சம்பளம் பேசினோம், பேசவேண்டியதே. ஓய்வுபெற்றவரின் காயத்தைப் பற்றி எம்மில் எவர் பேசினோம்? சந்தா சம்பளத்திலிருந்து கழிக்கப்படுவது, சம்பளமில்லாதவருக்குச் சந்தாவில்லை, சந்தாவில்லாதவருக்குச் சங்கத்திலே குரலில்லை. தேர்தல் வரும்போது மாத்திரம் அவரைத் தோளிலே தூக்கிச் சென்று வாக்குச்சாவடியில் இறக்குகிறோம். அத்தோள்களுக்கு வைத்தியசாலை வழி தெரியாமற் போனதேன்?

நாம் கேட்பது பெரிதன்று. தோட்டத்து மருந்தகங்களை, உள்ளிருக்கும் ஊழியரோடு சேர்த்து, அரசாங்கம் முழுமையாகப் பொறுப்பேற்கட்டும். வசிப்பவர் எவராயினும், பதிவேட்டிலே பெயர் இருப்பினும் இல்லாதிருப்பினும், அவர் காயத்துக்கு ஓர் எசமானர் போதும். அதுவரையில், துண்டு வெட்டும் வைத்தியசாலையே அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரிக்குத் தகவல் அனுப்பி, இரண்டாம் வாரத்திலும் நான்காம் வாரத்திலும் ஒரு தாதி லயத்துக்கே போய்க் காயத்தைப் பார்க்கச் செய்யட்டும். குழந்தை பெற்றவளைப் பார்க்கக் குடும்பநல உத்தியோகத்தர் மலையேறுகிறாரே. கிழவியைப் பார்க்க ஏறமுடியாதா? தமிழிலே அந்த மூன்று வரியை அச்சிடட்டும். தாளும் மையும் இல்லையென்றால் நாமே அச்சிட்டுக் கொடுப்போம். செயற்கை மூட்டுக்காகக் குடும்பங்கள் கடன் தேடி அலையும் நாட்களிலே கிருமி காத்திருப்பதில்லை. ஜனாதிபதி நிதியத்தின் உதவியை 2025 முதல் பிரதேச செயலகங்களிலேயே கோரலாம் என்று வழி செய்தார்கள், நல்லது. ஆனால் முறிந்த எலும்புக்கு விண்ணப்பம் நிரப்பிக் காத்திருக்க நேரமேது? முறிவுக்கு வைக்கும் மூட்டு வைத்தியசாலையிலேயே முன்கூட்டி இருக்கவேண்டும். கணக்கைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். 1951இல் இந்நாடு அரச வைத்தியசாலைகளிலே கட்டணத்தை ஒழித்ததன் பொருள் அதுவே.

இன்னுமொன்று. தொண்ணூறு நாள் கணக்கு. பிரித்தானியர் நூற்றுக்கு 1.7 என்று சொல்லமுடிந்தது அவர்கள் தொண்ணூறு நாள்வரை ஒவ்வொருவரையும் தேடிப் பார்த்ததனாலே. துண்டு வெட்டியதோடு கணக்கை மூடினால் தொற்று எப்போதும் குறைவாகவே தெரியும். ஊவாவிலே இடுப்பு முறிந்து மூட்டு வைக்கப்பட்ட ஒவ்வொருவரின் காயமும் தொண்ணூறாம் நாளிலே எப்படியிருந்தது என்பதைச் சுகாதாரத் திணைக்களம் எழுதி வெளியிடவேண்டும்.

திணைக்களம் எழுதும்வரை நாம் எழுதுவோம். எதிர்வரும் மாவட்டக் கூட்டத்துக்கு வரும் கிளைத் தலைவர் ஒவ்வொருவரும், தம் பிரிவிலே இடுப்பு முறிந்த முதியோர் எத்தனை பேர், விழுந்த நாள் எது, கத்தி வைத்த நாள் எது, காயம் ஆறிய நாள் எது என்ற விவரத்தை எழுதிக்கொண்டு வருவாராக. நோய் நிர்ணய அட்டையின் பிரதியும் வேண்டும். ஆனால் நோயாளியின் சம்மதமின்றி எவரும் கொண்டுவரவேண்டா. அம்மையாரின் அட்டையை அவருடைய கைநாட்டோடு பெற்றிருக்கிறோம். கோவையிலே முதற் தாள் அது.